பாலம் போடுகிறேன் மச்சான்

திருகோணமலை,
ஞாயிறு இரவு

அன்பின் மச்சான்,

உன் கடிதம் வந்து பத்து நாளாகிறது. பதில் எழுதாததற்குச் சோம்பல் காரணமில்லை. ஒரு பாலத்தோடு மல்லுக்கட்டிக்கொண்டிருந்தேன். அம்மா சுகம், முழங்கால் வலி மட்டும் அப்படியே இருக்கிறது.

ஜீரோ ஏ.டி. என்ற வியூக கேமை நான் கிண்டுவது உனக்குத் தெரியும்தானே. மூலநிரல் திறந்தே கிடப்பதால் யாரும் கை வைக்கலாம். ஆட்டக்காரரே ஆற்றுக்குக் குறுக்கே பாலம் போடுகிற மாதிரி ஒரு மாற்றம் செய்யப் பார்க்கிறேன். நாம் ஆடிய ரெட் அலேர்ட் 2 கேம் நினைவிருக்கிறதா? இடிந்த பாலத்தை, கரையிலிருக்கும் குடிசைக்குள் எஞ்சினியரை அனுப்பித் திருத்தலாம், புதிதாக ஒன்று கட்ட முடியாது. என் டாங்கிகள் நடுப்பாலத்துக்கு வரும்வரை காத்திருந்து இடித்தாயே பாவி, அந்தக் கோபம் இன்னும் இருக்கிறது.

சின்ன வேலை என்றுதான் நினைத்தேன். முதல் தடவை ஓடவிட்டால், பாலம் அழகாக மேலே நிற்கிறது, சிப்பாய்கள் அதற்குக் கீழே ஆற்றின் அடியில் நடந்து போகிறார்கள்! நிலத்தில் ஒரு புள்ளிக்கு ஒரே உயரம்தான் என்பது கேமின் கணக்கு. பாலம் என்றால் ஒரே இடத்தில் மேலே ஒரு தரை, கீழே ஒரு தண்ணீர். வரைபடத்தில் பாலம் நிற்கும் கட்டங்களை நிலம் என்று குறித்தால் கப்பல் முட்டி நிற்கும், தண்ணீர் என்று விட்டால் ஆள் ஏற மாட்டான். அப்புறம் வழி தேடும் பகுதி வேறு. இரண்டு கரையும் தனித்தனித் தீவு என்றிருந்த கணக்கு, கட்டி முடித்த நொடியில் ஒன்றாக வேண்டும், இடிந்த நொடியில் மறுபடி பிரிய வேண்டும்.

போன சனிக்கிழமை கிண்ணியாப் பக்கம் போனேன். 2009 இல் திறந்த அந்தப் பாலம் 396 மீட்டர். அதற்கு முன் பாதைக்காக, அதுதான் அக்கரை சேர்க்கும் அந்த மிதவைக்காக, நாம் வெயிலில் காய்ந்தது மறந்திருக்காது. ஓரமாக நின்று கீழே பார்த்தேன். மீன்பிடி வள்ளம் ஒன்று தூண்களுக்கு நடுவே சாவகாசமாகப் போனது. கேமுக்கும் இதுதான் என்று அங்கேயே முடிவெடுத்தேன்: வள்ளம் போகலாம், பாய்மரம் உயர்ந்த போர்க்கப்பல் போக முடியாது. பாலம் போடுகிறவன் தன் கப்பலையும் சேர்த்துத்தான் அடைக்கிறான். எதிரியும் அதில் நடந்து வரலாம். கட்டியவனுக்கு மட்டும் திறக்கும் பாலம் எனக்குப் பிடிக்கவில்லை.

ஒரு விதியை மட்டும் எழுதிவிட்டு அழித்தேன். பாலம் கட்டும்போது ஆற்றை நடந்து கடக்கும் பழைய ஆழமற்ற துறை மூடப்படும் என்று வைத்திருந்தேன், ஆட்டம் சூடாகும் என்று. 2021 நவம்பரில் குறிஞ்சாக்கேணியில் பாலவேலை நடந்த காலத்தில் பாதை கவிழ்ந்து, பள்ளிக்கூடம் போன பிள்ளைகள் செத்தது ஞாபகம் வந்தது. விளையாட்டாக இருந்தாலும் கை வரவில்லை. பழைய வழி, புதியது முடியும்வரை திறந்தே இருக்கும்.

இன்னும் ஒரு சிக்கல் பாக்கி. பாலம் இடியும்போது மேலே நிற்கிறவர்களை என்ன செய்வது? ஆற்றில் விழுந்து நீந்திக் கரையேற விடலாமா, அங்கேயே முடித்துவிடலாமா? இடிப்பதில் கைதேர்ந்தவன் நீ, யோசித்து எழுது. வருகிற ஞாயிறு உனக்கு நேரமிருந்தால் ஒரு ஆட்டம் போடுவோம்.

அன்புடன்,
உன் மச்சான்