பனங்காடையையும் பட்டியலில் எழுதுவோம்

ஆசிரியருக்கு வணக்கம்.

புதுச்சேரி ஊசுட்டேரிக்கு வந்திருக்கும் வலசைப் பறவைகள் பற்றி உங்கள் நாளிதழில் வந்த செய்தியும் படங்களும் மனதுக்கு நிறைவாக இருந்தன. ஆனால் மார்கழி, தையில்தான் இப்படிச் செய்தி வருகிறது, அதுவும் பூநாரை, கூழைக்கடா என்று கண்ணைப் பறிக்கும் பறவைகளுக்குத்தான். பறவை பார்ப்பவர்கள் பட்டியல்களைப் பதிவேற்றும் ஈபேர்டு தளத்தில் நம் பகுதிக்கான பக்கங்களைப் பார்த்தாலும் இதே கதைதான். பொங்கல் பறவைக் கணக்கெடுப்பு சமயத்தில் பட்டியல்கள் குவிகின்றன; ஆனி, ஆடியில் ஆளைக் காணோம்.

சாதாரணப் பறவையை எழுதி என்ன ஆகப்போகிறது என்று பலர் நினைக்கிறார்கள். 2023-ல் வெளியான இந்தியப் பறவைகளின் நிலை அறிக்கை, 30,000-க்கும் மேற்பட்ட பறவை ஆர்வலர்களின் பதிவுகளைக் கொண்டு 942 வகைப் பறவைகளை ஆராய்ந்தது. மின்கம்பியில் உட்கார்ந்திருக்கும் பனங்காடை நாடு முழுவதும் குறைந்துவருவதும், மயிலும் குயிலும் பெருகியிருப்பதும் அதில் தெரிந்தது. சிட்டுக்குருவியே அழிந்துபோகிறது என்று நாம் கவலைப்பட்டுக்கொண்டிருந்தபோது, பெருநகரங்களில் குறைந்தாலும் நாடு தழுவிய அளவில் அது ஏறக்குறைய நிலையாகவே இருக்கிறது என்று இதே வரிசையில் முன்பு வந்த 2020 அறிக்கை சொன்னது.

இதற்கெல்லாம் முழுப் பட்டியல் வேண்டும். பதினைந்து நிமிடம் ஓரிடத்தில் நின்று, அடையாளம் தெரிந்த பறவை எல்லாவற்றையும் எண்ணிக்கையோடு எழுதினால் போதும். காக்கையை விட்டுவிட்டால், அன்று காக்கையே இல்லையா, எழுத மறந்தார்களா என்று ஆய்வாளருக்கு எப்படித் தெரியும்?

நம் பகுதிக்கு இன்னொரு சிக்கலும் உண்டு. 2008-ல் புதுச்சேரி அரசு சரணாலயமாக அறிவித்தது ஊசுட்டேரியின் ஒரு பகுதியைத்தான். மீதி விழுப்புரம் மாவட்டத்தில் இருக்கிறது. நீர்க்காகத்துக்கு எல்லை தெரியாது, பட்டியலுக்கு உண்டு. புதுச்சேரி மொத்தக் கணக்கில் கேரளக் கரையிலுள்ள மாஹேயும் ஆந்திரப் பக்கத்து ஏனாமும் சேர்ந்துவிடும். அதனால் ஆய்வு செய்யும் கல்லூரி மாணவர்கள் ஏரிவாரியாக, மாவட்டவாரியாகப் பிரித்துப் பார்க்க வேண்டும்.

எங்கள் கடலூர்ப் பக்கம் பெருமாள் ஏரி, வீராணம், பிச்சாவரம் என்று எத்தனை இடங்கள்! நத்தைகுத்தி நாரை எந்த வயலில் எப்போது இறங்கும் என்று விவசாயிகளுக்குத் தெரியும். அவர்கள் சொல்வதோடு நிறுத்தாமல், பக்கத்துப் பள்ளி மாணவர்கள் அவர்களோடு போய்ப் பார்த்து மாதம் ஒரு பட்டியல் பதிவேற்றலாம். அப்புறம் ஒரு விஷயம்: கூடு இருக்கும் இடத்தை மட்டும் படத்தோடு ஊருக்கே சொல்லிவிடாதீர்கள். கூட்டம் கூடினால் தாய்ப்பறவை கூட்டை விட்டுப் போய்விடக்கூடும்.

உங்கள் நாளிதழின் மாவட்டப் பக்கத்தில் மாதம் ஒரு முறை, கடலூரிலும் புதுச்சேரியிலும் அந்த மாதம் பதிவான பறவைகளின் பெயரையும் இடத்தையும் சிறு கட்டமாக வெளியிட வேண்டுகிறேன். ஆடி மாதத்திலும் விடாமல் வெளியிடுங்கள்.

இப்படிக்கு,
ஒரு வாசகி,
மஞ்சக்குப்பம், கடலூர்.