ஏழுல விழாம எட்டுல விழுற அடி

பிரிக்ஸ்டன், லண்டன்

அன்புள்ள தம்பிக்கு,

அண்ணன் எழுதுறேன். சுகம்தான். இங்க டிசம்பர்ல சாயங்காலம் நாலு மணிக்கு முன்னாலயே இருட்டிடும். மழை நம்ம ஊரு மாதிரி கொட்டித் தீக்காது, நாள் முழுக்கத் தூறிட்டே கிடக்கும். டூட்டிங் பக்கம் நம்ம ஆளுக கடையில நெத்திலி கிடைக்கு, ஐஸ்ல கிடந்தது, கடப்புறத்து ருசி இல்ல. அம்மாகிட்ட இவ்வளவு சொன்னா போதும், மத்ததெல்லாம் கேட்டா பயப்படுவா.

இனி உன் விஷயம். நீ அனுப்பின பாட்டை ஸ்டூடியோவில பெரிய ஸ்பீக்கர்ல போட்டுக் கேட்டேன். கூடவே கேட்டிருந்தே: மோசமான ஏரியாவில இருந்து டிரில்ங்கிற ராப் வகையைப் பாடி இங்க உள்ள பயலுவ எப்பிடி மேல வந்தானுவ, நானும் அதே மாதிரி பண்ணினா என்னன்னு. பண்ணலாம் டே. ஆனா அவனுவ செஞ்சதுல எடுக்க வேண்டியது ஒண்ணு, தொடக்கூடாதது ஒண்ணு. நீ தொடக்கூடாததைத்தான் முதல்ல எடுத்திருக்கே. ரெண்டாவது வரியிலேயே பக்கத்து ஊரு பயலோட பேரு. அதுக்குப் பிறகு வரேன்.

அவனுவ வளர்ந்த இடத்தை இங்க எஸ்டேட்டும்பாங்க, கீரிப்பாறை ரப்பர் எஸ்டேட்டை நினைக்காதே. கவுன்சில் கட்டின அடுக்குமாடி வீட்டுக் கூட்டம், ஒரே மாடிப்படி, நீளமான ஒரே நடைபாதை. 2010-க்குப் பிறகு கவுன்சில் கையில காசு குறைஞ்சு, பசங்க கூடுற இளைஞர் மன்றங்கள் நிறைய பூட்டிட்டாங்க. பாட்டுப் பதியுற சின்ன அறையும் ஒரு மைக்கும் அதுல பலதுலயும் உண்டு. அதுவும் போனதும் படுக்கையறையும் மாடிப்படியும்தான் மிச்சம். இங்க பகை எல்லாம் பின்கோடு கணக்குல. எஸ்.டபிள்யூ.9, என்.17ன்னு. நம்ம கன்னியாகுமரி மாவட்டம் முழுக்க 629-லதான் தொடங்குது, அதுக்காக யாரும் யாரையும் குத்தினது இல்ல. இங்க குத்துறானுவ.

டிரில் இங்க பிறந்ததும் இல்ல. சிகாகோ தெற்குப் பக்கத்துச் சரக்கு. 2012-ல சீஃப் கீஃப்னு 16 வயசுப் பையன், வீட்டுக்காவல்ல பாட்டி வீட்டுல இருந்தபடியே வீடியோ எடுத்து யூடியூப்ல விட்டான். அந்த வருஷம் முடியுறதுக்குள்ள பெரிய கம்பெனியில ஆல்பம். பிரிக்ஸ்டன் பசங்க அதைப் பிடிச்சாங்க, ஆனா தாளத்தை அப்பிடியே வைக்கல. லண்டன்ல முன்னாலயே கிரைம்னு ஒரு இசை உண்டு (குத்தம் இல்ல, இசையோட பேரே அதுதான்), அதோட நிமிஷத்துக்கு 140 அடிங்கிற வேகத்தைக் கொண்டு வந்து இதுல பூட்டினாங்க. பிறகு அந்தத் தாளம் கடல் தாண்டித் திரும்பிப் போச்சு. நியூயார்க் புரூக்ளின்ல பாப் ஸ்மோக்னு ஒரு ராப் பாடகன் 2019-ல வெடிச்சது, கிழக்கு லண்டன் பையன் 808மெலோ போட்ட பீட்டுலதான். அந்தப் பீட்டுகளை பாப் ஸ்மோக் கண்டுபிடிச்சதே யூடியூப்ல.

மேல வர்றது ஒரு ராத்திரியில நடக்கிறதுன்னு நினைக்காதே. ஹெடி ஒன்னுங்கிற டிரில் பாடகனை எடுத்துக்கோ. டோட்டன்ஹாம்ல பிராட்வாட்டர் ஃபார்ம் எஸ்டேட், 1985 கலவரத்தால பேரு கெட்டுப்போன இடம். வருஷக்கணக்கா மிக்ஸ்டேப் (பாட்டுத் தொகுப்பு) மேல மிக்ஸ்டேப். 2019-லதான் ஒரு பாட்டு பிரிட்டன் பட்டியல்ல ஆறாவது இடம் வந்தது. 2020 தொடக்கத்துல கத்தி வெச்சிருந்த வழக்குல ஜெயில். அதே வருஷம் அக்டோபர்ல, செத்துப்போன அம்மா பேரு வெச்ச ஆல்பம் முதலிடம். தனிப்பாட்டா ஒரு பிரிட்டிஷ் டிரில் முதலிடம் பிடிக்க 2021 ஆச்சு, டியான் வெய்னும் ரஸ் மில்லியன்ஸும் பாடினது. ரேடியோ இவங்களைத் தூக்கிவிடல. ஜிஆர்எம் டெய்லி, லிங்க் அப் டிவி, மிக்ஸ்டேப் மேட்னஸ் மாதிரி யூடியூப் சேனலுகதான் வாசல். அதுலயும் ஒரு வகை உண்டு: ஃப்யூமெஸ்னு ஒரு இன்ஜினியர் மிக்ஸர் முன்னால உக்காந்திருப்பாரு, பாடுறவன் பக்கத்துல நின்னு பாடணும். ஜிகினா கிடையாது, மூச்சு எங்க போகுதுன்னு ஊருக்கே தெரியும். அதுல நின்னவன் பேரு எடுப்பான்.

அதனால தாளத்துக்கு வா. உன் பாட்டுல முதல் கோளாறு அங்கதான்.

வேகம் 140 வெச்சிருக்கே, சரி. இனி எட்டு அடி எண்ணு. ட்ராப்னு இன்னொரு ராப் வகையில ஸ்னேர் (சுள்ளுன்னு விழுற டிரம் அடி) 3-லயும் 7-லயும் விழும். டிரில்ல முதல் ஸ்னேர் 3-லதான், ரெண்டாவது 7-ல விழாம 8-ல விழும். அந்த ஒரு அடி தள்ளி விழுறதுலதான் கேக்கிறவன் முன்னால சாயுறான். நீ 3, 7-ல ஸ்னேரை வெச்சிட்டு மேல டிரில் ஹைஹாட்டை (சிணுங்குற தட்டுச் சத்தத்தை) ஓட்டியிருக்கே. என்னமோ இடிக்குன்னு எழுதியிருந்தியே, அதுதான் இடிக்கு. ஹைஹாட்டை எட்டெட்டா எண்ணி 3-3-2-ஆப் பிரி. சுத்து முடியுற இடத்துல மட்டும் ஒரு மூணடி உருட்டல் போதும். எல்லா இடத்துலயும் உருட்டினா தகரக்கூரையில மழை பெய்யுற மாதிரி இருக்கும்.

அடுத்து 808. ரோலண்ட் கம்பெனி 1980-ல விட்ட டிரம் மெஷினோட நம்பர் அது. இப்ப இழுவையான பேஸ் சத்தத்துக்கே அந்தப் பேரு நின்னுட்டு. கோயில் கொடைக்கு வில்லுப்பாட்டு நடக்கும்போது உடுக்கு அடிக்கிறவரு கையைப் பாத்திருக்கியா? ஒரு கை தோலை அடிக்கும், மத்தக் கை இடுப்புக் கயிறை அழுத்தும். சத்தம் கீழ தொடங்கி வழுக்கிட்டு மேல ஏறும். 808 ஸ்லைடு அதேதான், அதனால உனக்கு இது புதுசே இல்ல. நீ பாட்டு செய்யுற எஃப்எல் ஸ்டூடியோ மென்பொருள்ல 808-ஐ அதோட சொந்த சாம்பிளர்ல (பதிஞ்ச சத்தத்தை வாசிக்கிற கருவியில) போடு. வெளியில இருந்து இறக்கின பிளகின்ல இந்த ஸ்லைடு நோட்டு வேலை செய்யாது. ட்யூனர் வெச்சு சாம்பிள் எந்தச் சுரத்துல இருக்குன்னு பாத்து ரூட் நோட்டைச் சரி பண்ணு, உன்னோடது பியானோவை விட்டு அரைச்சுரம் விலகி நிக்குது. பிறகு பியானோ ரோல்ல (சுரத்தை வரையுற கட்டத்துல) நீளமா ஒரு நோட்டு. அது முடியுறதுக்குள்ள, அது மேலேயே, முக்கோண அடையாளம் உள்ள ஸ்லைடு நோட்டு. நீ முதல் நோட்டு முடிஞ்ச பிறகு வெச்சிருக்கே, அதனால ஏறவே இல்ல. ஸ்லைடு நோட்டு எவ்வளவு நீளமோ அவ்வளவு பைய ஏறும். 'கட் இட்செல்ஃப்' பொத்தானைப் போடு, இல்லேன்னா ஒண்ணு அடங்குமுன்ன அடுத்தது ஏறி ரெண்டும் கலங்கும்.

இன்னொண்ணு, ஊர்ல எல்லாவனும் போன்லதான் கேக்கப் போறான். 808 எஃப் சுரத்துல இருந்தா அடிச்சுரம் ஏறக்குறைய 44 ஹெர்ட்ஸ், போன் ஸ்பீக்கர்ல அது வரவே வராது. கொஞ்சம் சாச்சுரேஷன் (சத்தத்தை லேசா உடைக்கிற எஃபெக்ட்) கொடுத்தா 88, 132ன்னு மேல மேல ஹார்மானிக்ஸ், அதாவது அடிச்சுரத்தோட மடங்குச் சுரங்கள், கிளம்பும், காது அதை வெச்சு அடிச்சுரத்தை நிரப்பிக்கும். பியானோவில 150 ஹெர்ட்ஸுக்குக் கீழ உள்ளதை வெட்டி எறி, அந்த இடம் 808-க்கு வேணும்.

குரல் பதியும்போது புளூடூத் இயர்போன் போட்டிருக்கே, கேட்ட உடனே தெரிஞ்சுது. 140 வேகத்துல ஒரு அடி 429 மில்லிசெகண்ட், கால் அடி 107. புளூடூத் சாதாரணமா 150, 200 தாமதிக்கும். நீ தாளத்துல சரியாப் பாடினாலும் ஒண்ணரை, ரெண்டு கால் அடி பிந்தித்தான் பதியும். வயர் உள்ளதைப் போடு. மைக்குக்கும் வாய்க்கும் ஒரு சாண் போதும், உச்சச் சத்தம் மைனஸ் 10-ல இருந்து மைனஸ் 6 டெசிபெலுக்குள்ள நிக்கட்டும். சுவத்துல முட்டைத் தட்டு ஒட்டாதே, அது வெறும் வேஷம். அம்மாவோட கயித்து மெத்தையை எடுத்து உன் முதுகுக்குப் பின்னால சாத்தி வை. மைக் உன் பக்கம் பாத்து நிக்குது, அதனால பின்சுவத்துல பட்டுத் திரும்புற சத்தம்தான் உள்ள போகும். ஃபேனை அணை. கண்டென்ஸர் மைக் வாங்கினா இறுக்கமா மூடுற டப்பாவில சிலிக்கா ஜெல் பொட்டலத்தோட வை, கடப்புறத்து ஈரக்காத்தும் உப்பும் அதைச் சீக்கிரம் கொன்னுடும்.

வரி எழுதுறதுல ஒண்ணு கவனிச்சேன். எல்லா வரியும் 'வர்றேன், போறேன், தர்றேன்'னு முடியுது. தமிழ்ல வினை கடைசியில வர்றதனால இது சும்மாவே கிடைக்கிற இயைபு, நாலு வரியில சலிச்சுப் போகும். பள்ளிக்கூடத்துல எதுகை படிச்சியே, ரெண்டாம் எழுத்து ஒத்து வர்றது, அதை எடு. இங்க நல்லாப் பாடுறவன் கடைசி வார்த்தையை மட்டும் ஒக்க வைக்க மாட்டான், வரி நடுவுல மூணு நாலு அசையைச் சேத்து ஒக்க வைப்பான். நமக்கு அது ரத்தத்துல உண்டு. 'கட்டுமரம்' நாலு கால் அடியில கச்சிதமா உக்காரும். 'கடலு'ன்னா மூணு குறில், உருட்டலுக்குன்னே செஞ்ச வார்த்தை. சென்னைப் பேச்சை வாங்கிப் பாடாதே, உனக்கு ஒட்டல. பின்னால விடுற ஆட்-லிப்பும் (வரிக்கு இடையில போடுற சின்னக் கூவலும்) அப்பிடித்தான். வில்லுல பின்பாட்டுக்காரரு 'ஆமா'ன்னு போடுற இடம் எதுன்னு உனக்குத் தெரியும், அங்கேயே போடு, இடமும் வலமுமாப் பிரிச்சு வை.

இனி அந்தப் பேரு.

இங்க டிரில்ல எதிரியைப் பேரு சொல்லி ஏசுறது உண்டுதான். அதுக்கு என்ன விலை கொடுத்தாங்கன்னு வீடியோவில வராது. 2018 மே மாசம் போலீஸ் கேட்டு யூடியூப் முப்பது வீடியோ வரை நீக்கிச்சு. 2019 ஜனவரியில ஸ்கெங்டோ, ஏஎம்னு பிரிக்ஸ்டன் பக்கத்து ரெண்டு பேரு, தடை உத்தரவை மீறி ஒரு பாட்டைப் பாடினதுக்கே ஒன்பது மாசத் தண்டனை, நிறுத்தி வெச்சாங்கங்கிறதால உள்ள போகல. டிகா டின்னு மேற்கு லண்டன் பையன் எந்தப் பாட்டை ஏத்தினாலும் 24 மணி நேரத்துக்குள்ள போலீசுக்குச் சொல்லணும்னு கோர்ட்டு உத்தரவு இருந்தது, 2022-ல அவன் ஆல்பம் முதலிடம் வந்தது அந்த உத்தரவோடதான். வரிகளை ஜூரி முன்னால வாசிச்சுச் சாட்சியா வைக்கிறதும் நடக்கு. இது கறுப்பினப் பசங்க மேலதான் ஏவப்படுதுன்னு எதிர்க்கிறவங்க உண்டு, அவங்க பக்கம் நியாயம் இருக்குன்னுதான் எனக்கும் படுது. அதனாலதான் இங்க வெளியாகுற பாட்டுல பேரு வர்ற இடத்தைச் சத்தமில்லாம வெட்டிடுறாங்க. நீ வெட்டக் கூட வேண்டாம், எழுதாதே. ஜாதிப் பேரு, மதப் பேரு ரெண்டும் வரிக்குள்ள வரவே கூடாது. 1982-ல மண்டைக்காட்டு மதக் கலவரத்துல என்ன நடந்ததுன்னு அப்பாகிட்ட கேளு.

வீடியோவில வீட்டு நடை, பைக் நம்பர், தெருப் பேரு தெரியக்கூடாது. நிக்கிற இடத்தை அப்பவே போஸ்ட் பண்ணாதே. பாப் ஸ்மோக் 2020 பிப்ரவரியில லாஸ் ஏஞ்சல்ஸ்ல வாடகைக்கு எடுத்த வீட்டுல இருந்தான். வந்த பரிசுப் பொட்டலத்தைப் படம் எடுத்துப் போட்டான், அதுல விலாசம் தெரிஞ்சுது. அந்த வீட்டுக்குள்ள புகுந்து சுட்டுட்டானுவ. வயசு 20. முதல் ஆல்பம் ஜூலையில வந்தது, அவன் இல்ல.

துப்பாக்கி மாதிரி விரலைக் காட்டுறதையும் விடு, தூண்டில் வளைவுல (அலை தடுக்கப் போட்ட கல்லுல) நின்னு அதைக் காட்டினா சிரிப்புத்தான் வருது. விடியுமுன்ன வள்ளம் கரையேறுற நேரத்துல எடு. ஸ்பீக்கர்ல பாட்டை ஓடவிட்டு அது கூடப் பாடு, அப்பத்தான் உதடு ஒக்கும். கடல் காத்து லென்ஸ்ல உப்புப் பூசிடும், ரெண்டு ஷாட்டுக்கு ஒரு தடவை துடை.

பணத்துக்கு அவசரப்படாதே. யூடியூப்ல எடுத்த 'டைப் பீட்' (பேரு எடுத்தவன் பாணியில செஞ்சு விக்கிற பீட்) உன்னோடது இல்ல. லீஸ்னு (வாடகை உரிமையா) வாங்கினா அதே பீட்டை இன்னும் நூறு பேருக்கு விப்பான், எத்தனை ஸ்ட்ரீம் வரைக்கும்னு வரம்பும் எழுதியிருப்பான். அந்தப் பாட்டை கன்டென்ட் ஐடியில (பாட்டு யாருதுன்னு யூடியூப் கண்டுபிடிக்கிற ஏற்பாட்டுல) பதியாதே, பதிஞ்சா மத்தவன் பாட்டு மேல உன் பேருல கிளெய்ம் போகும், சண்டை வரும். உன் கூட்டாளி பீட் போட்டா ஆளுக்கு எத்தனை சதவீதம்னு முதல்லயே எழுதிக் கையெழுத்து வாங்கு, கூட்டுக்காரனா இருந்தாலும். ஸ்பாடிஃபைல 2024-ல இருந்து ஒரு பாட்டு 12 மாசத்துல 1,000 ஸ்ட்ரீம் தொடலேன்னா காசு கிடையாது. வெளியிடுற நாளுக்கு மூணு வாரம் முன்னாலயே ஏத்து. குறைஞ்சது ஏழு நாள் முன்னால ஸ்பாடிஃபைகிட்ட 'பிட்ச்' பண்ணினாத்தான் (பாட்டை எடுத்துக் காட்டினாத்தான்) உன்னைப் பின்தொடர்றவங்க ரிலீஸ் ராடர்ங்கிற புதுப்பாட்டுப் பட்டியல்ல அந்தப் பாட்டு நிச்சயமா வரும். எழுதினவனுக்கும் இசை போட்டவனுக்கும் உள்ள பங்குக்கு ஐபிஆர்எஸ்ல (ராயல்டி வாங்கித் தர்ற இந்தியச் சங்கத்துல) சேரணும், அந்தப் படிவத்தை அடுத்த மாசம் ரெண்டு பேரும் சேந்து நிரப்புவோம்.

திருத்தினதை அனுப்பும்போது குரல் தனி, 808 தனி, மிச்சம் தனின்னு மூணு வாவ் (நசுக்காத ஆடியோ) ஃபைலா அனுப்பு. வாட்ஸ்அப்புல ஆடியோவாப் போடாதே, நசுக்கிடும், டாக்குமெண்டாப் போடு. முதல்ல ஸ்னேரை 7-ல இருந்து 8-க்குத் தள்ளு.

அண்ணன்