தடைக்காலத்தில் டர்போ மாற்றுவோர் கவனத்துக்கு

ஆசிரியருக்கு வணக்கம்.

ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரையிலான மீன்பிடித் தடைக்காலத்தில்தான் ராமேஸ்வரம், மண்டபம், பாம்பன் விசைப்படகுகளுக்குப் பெரிய இன்ஜின் வேலைகள் நடக்கின்றன. பழைய டர்போ (இன்ஜின் புகையின் விசையில் சுழன்று, இன்ஜினுக்குள் கூடுதல் காற்றைத் தள்ளும் கருவி) ஏன் போனது என்று பார்க்காமல் புதிதை மாட்டினால் அதுவும் சீக்கிரம் போய்விடும். பெரும்பாலும் காரணம் ஆயில்தான். டர்போவுக்கு ஆயில் வரும் பைப்பில் கரி அடைத்திருக்கும், அல்லது திரும்பும் பைப் மடங்கியிருக்கும். வரும் பைப்பைக் கழுவி மாட்டாமல் புதிதே போடுங்கள். அங்கே சிலிகான் பேஸ்ட் தடவவே கூடாது; பிதுங்கி உள்ளே போய்த் துளையை அடைக்கும்.

வாங்கும்போது தகட்டிலுள்ள பார்ட் நம்பரைப் பொருத்திப் பாருங்கள். போல்ட் துளைகள் ஒன்றாக இருந்தாலும் டர்பைன் ஹவுசிங்கின் (புகை நுழையும் பக்கத்துக் கூடு) ஏ/ஆர் அளவு, அதாவது புகை பாயும் வழி எவ்வளவு பெரிது என்று காட்டும் எண், மாறலாம். அது பெரிதானால், வலை இழுக்கும் குறைந்த ஆர்.பி.எம்.மில் காற்று போதாமல் கரும்புகை தள்ளும், டீசல் வீணாகும். சிறிதானால் முழு வேகத்தில் டர்போ அளவுக்கு மீறிச் சுழலும், சூடும் ஏறும். தண்ணீர் சுற்றும் ஹவுசிங் உள்ள இன்ஜினுக்கு, விலை குறைவு என்று லாரி டர்போவை மாட்டாதீர்கள். அதன் ஹவுசிங்கில் தண்ணீர் சுற்றாததால் கடுமையாகச் சூடேறும்; மூடிய இன்ஜின் அறையில் அது தீ ஆபத்து.

பழைய டர்போவின் உள்சக்கரம் உடைந்திருந்தால் இன்டர்கூலரைக் (டர்போ தள்ளும் காற்றைக் குளிர்விக்கும் பாகம்) கழற்றித் துணுக்குகளை எடுத்துவிடுங்கள். மாட்டியதும் ஆயில் துளையில் சுத்தமான ஆயில் ஊற்றி, டீசலை அடைத்து, ஆயில் பிரஷர் காட்டும்வரை ஸ்டார்ட்டரை விட்டுவிட்டுச் சுற்றுங்கள். கரை வந்ததும் மூன்று நிமிடமாவது ஐட்லிங்கில் விட்டே நிறுத்துங்கள்.

தடைக்காலத்தில் மீன்வளத்துறை படகு டிரைவர்களுக்கு இதற்கென ஒரு நாள் பயிற்சி நடத்த வேண்டும்.

விசைப்படகு இன்ஜின் மெக்கானிக்குகள்,
பாம்பன்