கூட்டாளியின் வோல்டேஜ் உங்கள் போனுக்குச் சரிவராது

ஆசிரியர் அவர்களுக்கு,

மாங்குளத்தில் ஏ-9 வீதியோரம் போன் திருத்தும் கடை வைத்திருக்கிறேன். பழைய போனின் புரொசசர் வேகத்தைக் கூட்டுவது பற்றி உங்கள் பத்திரிகையில் ஒருவர் எழுதியிருந்தார். வேகத்தை விளக்கமாகச் சொன்னவர், அந்த வேகத்துக்காகப் புரொசசருக்குக் கொடுக்கும் வோல்டேஜை ஒரே வரியில் விட்டுவிட்டார். அந்த ஒரு வரிக்காகத்தான் இந்தக் கடிதம்.

போன மாதம் ஒட்டுசுட்டானில் இருந்து ஒரு பொடியன் பழைய கேலக்ஸி எஸ்3 ஒன்றைக் கொண்டுவந்தான். அதன் சொந்த வேகம் 1.4 கிகாஹேர்ட்ஸ். அதை 1.6 ஆக்கி, கூட்டாளியின் போனில் இருந்த வோல்டேஜ் எண்களை அப்படியே போட்டிருக்கிறான். கூட்டாளியின் போன் இன்றும் ஓடுகிறது. இவனுடையதில் லோகோ வரும், அணையும், திரும்பவும் லோகோ. கெர்னலை, அதாவது போனை இயக்கும் அடிப்படை மென்பொருளை, மாற்றிப் போட்டேன், போன் எழும்பியது. ஆனால் உள்ளே சேமிப்பு குழம்பிப்போயிருந்தது. காலமான அம்மம்மாவின் படங்கள் அதில்தான் இருந்தன. ஒன்றைக்கூட என்னால் மீட்க முடியவில்லை.

ஒரே மாடல் என்றாலும் புரொசசர் சில்லுக்குச் சில்லு குணம் வேறு. ஒன்று குறைந்த வோல்டேஜிலேயே 1.6இல் ஓடும், இன்னொன்று அதைவிடக் கூடிய வோல்டேஜ் கேட்கும். கேட்டது கிடைக்காவிட்டால் எப்போதும் நின்றுவிடும் என்றில்லை. நிற்காமலே பிழையாகக் கணக்குப் போட்டு, அந்தப் பிழையைச் சேமிப்பிலும் எழுதிவிடும். சரி, தாராளமாகக் கூட்டிக் கொடுப்போம் என்றால் சூடு. சில்லு தின்னும் மின்சாரம் வேகத்துக்கும், வோல்டேஜின் வர்க்கத்துக்கும் ஏற்ப ஏறும். வேகம் 1.4இல் இருந்து 1.6க்கும், வோல்டேஜ் 1.2 வோல்ட்டில் இருந்து 1.3க்கும் போனால் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கு கூடிவிடுகிறது.

செய்யத்தான் போகிறீர்கள் என்றால் முதலில் படங்களை வேறிடத்தில் எடுத்து வையுங்கள். வோல்டேஜை 25 மில்லிவோல்ட், 25 மில்லிவோல்ட்டாக மாற்றிப் பாருங்கள். போன் தொடங்கும்போதே புது வேகத்தில் தொடங்கும் தெரிவைச் சோதனை முடியும்வரை தொடாதீர்கள். அதைத் தொடாதவரை, நடுவில் நின்றாலும் அணைத்துப் போட்டதும் பழைய வேகத்துக்கே வந்துவிடும்.

காலைக் குளிரில் ஓடியது என்று நம்பிவிடவும் வேண்டாம். சித்திரை மத்தியானம் தகரக் கூரைக்குக் கீழே அரை மணித்தியாலம் கேம் ஓடவிட்டுப் பாருங்கள். என் மேசையில் காலை முழுக்க ஓடிய போன் இரண்டு மணிக்கு நின்றதை நான் கண்டிருக்கிறேன். சார்ஜில் போட்டபடி சோதிக்காதீர்கள், பற்றரிக்கு அந்தச் சூடு ஆகாது.

வோல்டேஜ் பற்றித் தனியாக ஒரு கட்டுரை போடுங்கள் ஐயா. எங்கள் பக்கத்துப் பொடியன்களுக்கு வெட்டி வைத்துக் கொடுக்கிறேன்.

இப்படிக்கு,
போன் திருத்துபவர்,
மாங்குளம்