கண்காட்சிக்குக் கைகொடுத்த எல்லாருக்கும்

அன்புடையீர், வணக்கம்.

இறைநம்பிக்கையுள்ள பெண்கள் நம் பண்பாட்டுக்குக் கொடுத்தது என்ன என்று காட்டும் எங்கள் கண்காட்சியும் மாலை நிகழ்ச்சியும் நல்லபடியாக நடந்து முடிந்தன. மேடையில் நன்றி சொல்ல ஆரம்பித்தபோது பாதிப் பேர் பந்திக்குப் போய்விட்டார்கள். அதனால் சொல்ல வேண்டியதை இங்கே எழுதிவிடுகிறேன்.

முதல் நன்றி, விளக்கப் பலகைகளைத் திருத்திக் கொடுத்த ஓய்வுபெற்ற ஆசிரியை அம்மாவுக்கு. வந்து சேர்ந்த குறிப்புகளில் எல்லாரும் ‘தியாகச் சுடர்’, எல்லாரும் ‘அன்பின் வடிவம்’. பெயரை மறைத்துவிட்டால் யாரைப் பற்றியது என்றே தெரியாது. அம்மா அதையெல்லாம் சிவப்பு மையால் அடித்துவிட்டு, ஒவ்வொரு தாளின் ஓரத்திலும் ஒரே கேள்வியை எழுதியிருந்தார்: “சரி, இவங்க என்ன செஞ்சாங்க?”

கண்காட்சியை நிமிர்த்தியது அந்தக் கேள்விதான். காரைக்கால் அம்மையார் பேயுருக் கொண்ட கதையோடு நின்றிருந்த பலகையில், அற்புதத் திருவந்தாதியின் 101 வெண்பாக்கள் வந்து சேர்ந்தன. ஒரு பாட்டு முடிகிற இடத்திலிருந்தே அடுத்த பாட்டு தொடங்கும் அந்த அந்தாதி அமைப்பில் பிற்காலத்தில் எத்தனை புலவர்கள் பாடினார்கள்! பண்டித ரமாபாய் விதவைகளுக்கு அடைக்கலம் தந்தவர் என்பதோடு, எபிரேயமும் கிரேக்கமும் கற்று விவிலியம் முழுவதையும் மராத்தியில் பெயர்த்தவர் என்பதும் இடம்பெற்றது. ஐடா ஸ்கடருக்கு ‘சேவைத் திலகம்’ போய், 1900-இல் வேலூரில் ஒரே ஒரு படுக்கையோடு தொடங்கிய மருத்துவமனையும், 1918-இல் பெண்களுக்கென்று திறந்த மருத்துவப் பள்ளியும் வந்தன. போற்றுவது சுலபம். வேலையைச் சொல்லத்தான் படிக்க வேண்டியிருக்கிறது.

சூஃபி ஞானி ராபியா பஸ்ரியின் பலகையைச் சரிபார்த்த சகோதரிக்கும் நன்றி. மொராக்கோ நாட்டு ஃபெஸ் நகரின் கரவிய்யீன் பள்ளிவாசலைச் சேர்க்கச் சொன்னவரும் அவர்தான். பின்னாளில் பெரிய பல்கலைக்கழகமாக வளர்ந்த அந்தப் பள்ளிவாசலை 859-இல் எழுப்பியவர் ஃபாத்திமா அல்-ஃபிஹ்ரி என்பது மரபு. “மரபுன்னு மறக்காம போடுங்க, நம்ம மேல யாரும் குறை சொல்லக் கூடாது” என்று நின்று பார்த்துப் போட வைத்தார்.

மாலை நிகழ்ச்சியில் தேரிகாதை வாசித்த கல்லூரித் தங்கையைப் பற்றிச் சொல்லியே ஆக வேண்டும். புத்த பிக்குணிகள் பாடிய பாலி மொழிப் பாடல்கள் அவை. உரல், உலக்கை, கூன் விழுந்த கணவன் என மூன்று கோணல்களிலிருந்தும் விடுபட்டேன் என்று முத்தா என்ற பிக்குணி பாடுகிறாள். தங்கை அதை முகத்தில் எந்த மாற்றமும் இல்லாமல் வாசித்தார். அரங்கில் எழுந்த சிரிப்பு அடங்க வெகுநேரம் ஆயிற்று. சிரித்தவர்களில் பெண்களே அதிகம் என்பதையும் குறித்துக்கொள்கிறேன்.

அப்புறம் பாட்டு. 12-ஆம் நூற்றாண்டில் ரைன் நதிக்கரை மடத்துத் தலைவியாக இருந்த ஹில்டெகார்ட் இசையமைத்த லத்தீன் பாடலை பாடகர் குழுச் சகோதரிகள் பாடினார்கள். கீழே கிடக்கும் குரல் திடீரென்று உச்சிக்குத் தாவும் பாட்டு அது. ஒத்திகையில் ஆதார சுருதி பிடிபடாமல் தவித்தபோது, திருப்பாவை பாட வந்திருந்த மாமி தன் சுருதிப் பெட்டியை அவர்கள் பக்கம் நகர்த்தி வைத்தார். மேடையிலும் அந்தப் பெட்டிதான் ஒலித்தது. எந்த அழைப்பிதழிலும் இல்லாத இந்த ஏற்பாட்டுக்கு மாமிக்கு தனி நன்றி.

சமையல் பொறுப்பேற்ற அக்காமார்களுக்கு எவ்வளவு சொன்னாலும் தகும். அவர்களில் ஒருவர் ஜார்ஜியா கில்மோர் பலகை முன்னால் வெகுநேரம் நின்றார். அமெரிக்காவின் மான்ட்கோமரியில், பேருந்தில் கறுப்பினத்தவரைப் பிரித்து உட்காரவைத்ததை எதிர்த்து 381 நாள் நீடித்த புறக்கணிப்புக்கு, தேவாலயக் கூட்டங்களில் உணவு விற்றுப் பணம் சேர்த்துக் கொடுத்த சமையல்காரர் கில்மோர். “இதுல ஒரு பிரதி கிடைக்குமா?” என்று அக்கா கேட்டார். எடுத்து வைத்திருக்கிறேன் அக்கா, வரும்போது வாங்கிக்கொள்ளுங்கள்.

ஒலிபெருக்கி, நாற்காலி, வாகனம் என்று பார்த்துக்கொண்ட தம்பிகளுக்கும், நன்கொடை தந்து பெயர் வேண்டாம் என்றவர்களுக்கும் நன்றி. பலகைகள் எல்லாம் பத்திரமாக இருக்கின்றன. பள்ளிக்கோ வழிபாட்டுக் கூடத்துக்கோ வேண்டுமென்றால் ஒரு வாரம் முன்னதாகச் சொல்லிவிட்டு எடுத்துப் போகலாம். கூடவே ஒரு சுத்தியலும் கொண்டுவாருங்கள், எங்களுடையது யார் வீட்டிலோ இருக்கிறது.

அன்புடன்,
விழாக் குழுவின் சார்பில்