எந்த அந்துக்கு எந்த வாசனை?

ஆசிரியர் அவர்களுக்கு, வணக்கம்.

சென்னையில் மளிகைக் கடைகளிலும் செங்குன்றம் பக்கத்து அரிசிக் குடோன்களிலும் அந்துப்பூச்சிக்கு இனக்கவர்ச்சிப் பொறி (இணையை அழைக்கும் வாசனையால் பூச்சியை இழுத்துப் பசை அட்டையில் ஒட்டவைப்பது) மாட்டுபவர்கள் உண்டு. ‘ஒரு மாதமாகத் தொங்குகிறது, ஒரு பூச்சிகூட ஒட்டவில்லை’ என்ற புலம்பலும் உண்டு. அநேகமாக, மாட்டியிருப்பது வேறொரு பூச்சிக்கான லூர், அதாவது பொறியில் வைக்கும் வாசனைத் துண்டு.

சேமிப்பு தானிய அந்துக்கென்று விற்கும் லூர்களில் பெரும்பாலும் இருப்பது இசட்,ஈ-9,12-டெட்ராடெக்காடையினைல் அசிட்டேட். இந்திய மாவு அந்தின் பெண், வயிற்று நுனிச் சுரப்பியை வெளியே நீட்டிப் பரப்பும் வாசனை அது. ஆணின் உணர்கொம்பில் அடர்ந்த நுண்மயிர்கள். அவற்றின் துளை வழியே நுழையும் மூலக்கூறை ஒரு புரதம் சுமந்துபோய் ஏற்பியிடம் சேர்க்கும். ஏற்பிக்குப் பழகிய மூலக்கூறாக இருந்தால்தான் ஆண் காற்றை எதிர்த்து, வளைந்து வளைந்து பறந்து வரும். நெல்லைத் துளைக்கும் அந்துக்கு வேண்டியது மாவு அந்தின் இந்த 14 கார்பன் சேர்மம் அல்ல, வேறொரு 16 கார்பன் சேர்மம். (பருத்தியின் இளஞ்சிவப்புக் காய்ப்புழு லூரில் பாதி இதே சரக்குதான்!)

அரிசியிலும் ரவையிலும் நூலாம்படை கட்டும் கார்சைரா அந்திலோ கதை தலைகீழ். அங்கே ஆணின் இறகுச் சுரப்பியிலிருந்து வரும் ஃபார்னெசல் வாசனைக்குப் பெண் வருகிறது. மாவு அந்து லூரை அதன் நடுவில் தொங்கவிட்டு என்ன பயன்?

ஆகவே முதலில் செத்த பூச்சி ஒன்றை வெள்ளைத் தாளில் வைத்துப் பாருங்கள். முன்னிறகின் அடிப்பகுதி வெளிறி, மீதி செம்பு நிறமாக இருந்தால் மாவு அந்து. வைக்கோல் நிறம், விரல் நீட்டியதுபோல் கூராக முடியும் பின்னிறகு, ஓரத்தில் நீண்ட மயிர் என்றால் நெல் அந்து. கோடோ புள்ளியோ எடுப்பாக இல்லாத சாம்பல் பழுப்பு என்றால் கார்சைரா.

லூர் சரியாக இருந்தும் பொறி வீணாவதற்குக் காரணங்கள் உண்டு. வாசலருகே மாட்டினால் வெளிப் பூச்சியை உள்ளே அழைக்கிறோம். மின்விசிறிக்கு நேரே மாட்டினால் வாசனைத் தடம் சிதறும். மாவு மில்லில் தூசி படிந்து பசை செத்துப்போகும். வெறுங்கையால் லூரைத் தொட்டால் வாசனை விரலோடு வந்துவிடும்; ஒரே கையுறையால் இரண்டு வகை லூரைத் தொட்டால் இரண்டும் கலக்கும். மூட்டை அட்டியின் பக்கத்தில், ஆள் உயரத்தில் மாட்டி, வாரம் ஒருமுறை எண்ணித் தேதியோடு அட்டையிலேயே எழுதுங்கள். நம் வெயிலுக்கு 4 முதல் 6 வாரத்தில் லூரை மாற்றிவிடுவது நல்லது. வாங்கிய லூரை உறை பிரிக்காமல் ஃப்ரீசரில் வையுங்கள்.

பெண் வாசனையில் செய்த பொறியில் விழுவது ஆண்கள் மட்டுமே. தப்பிய ஓர் ஆண் பல பெண்களோடு சேரும், முட்டையிடுவது நிற்காது. எண்ணிக்கை திடீரென ஏறினால் எந்த மூட்டை என்று தேடிப் பிரித்துச் சலிக்கத்தான் வேண்டும். சுவரும் கூரையும் சேரும் மூலையில் கூட்டுப்புழு ஒட்டியிருக்கும், அதையும் பெருக்கித் தள்ளுங்கள். வீட்டுக்கு இரண்டு கிலோ ரவைதான் என்றால் பொறியே வேண்டாம். ஒரு வாரம் ஃப்ரீசரில் வைத்தாலே முட்டையும் புழுவும் செத்துவிடும்.

தீர்ந்த லூரைக் குடோன் குப்பைக் கூடையில் போடாதீர்கள். மிச்ச வாசனை அங்கேயும் பூச்சியை இழுக்கும். பொறியில் எண்ணிக்கை குறைந்துவிட்டது என்று ஏமாந்துபோவோம்.

– பூச்சியியல் ஆசிரியர், மாதவரம், சென்னை