கிராஃப் நோட்டு எழுதிய மகளுக்கும், தேடப் போன எல்லோருக்கும்

கடலுக்குப் போய்க் காணாமல் போன படகின் ஐந்து பேரும் கரையேறிவிட்டார்கள். ஒருவருக்கு இன்னும் குளுக்கோஸ் ஏறுகிறது, மற்ற நால்வரும் வீட்டில் தூங்குகிறார்கள். நடந்ததை நம் கரையில் யாருக்கும் எடுத்துச் சொல்ல வேண்டியதில்லை. நன்றிதான் பாக்கி.

முதல் நன்றி, படகு ஜெட்டியில் பிளாஸ்டிக் நாற்காலியில் இரண்டு ராத்திரி உட்கார்ந்திருந்த பிளஸ் டூ மாணவிக்கு. பெயர் போட வேண்டாம் என்று அவள் அம்மா கேட்டுக்கொண்டார், போடவில்லை. யாரும் அவளைக் கூப்பிடவில்லை. அப்பாவுக்கு டீ கொண்டுவந்த பிள்ளை, நான்கு பேர் நான்கு போனில் இடம் சொல்லிக் கத்திக்கொண்டிருந்ததைப் பார்த்துவிட்டு வீட்டுக்கு ஓடிப்போய்க் கணக்கு கிராஃப் நோட்டை எடுத்து வந்தாள். காற்றில் தாள் பறக்காமல் இருக்க, கிழிந்த வலையிலிருந்து இரண்டு ஈயக்குண்டை அறுத்து ஓரத்தில் வைத்துக்கொண்டாள்.

ஒரு சென்டிமீட்டர் கட்டம் ஒரு மினிட், அதாவது டிகிரியில் அறுபதில் ஒரு பங்கு. அட்சரேகையில் ஒரு மினிட் என்பது ஒரு கடல் மைல், 1.852 கிலோமீட்டர். நம் பக்கம் தீர்க்கரேகை மினிட்டும் ஏறக்குறைய அதே நீளம் என்பதால் சதுரக் கட்டமே கடலுக்குப் பொருந்தியது. படகை அனுப்பிய கட்டத்துக்குப் பென்சில் கோடு. தேடி முடித்ததாகத் தகவல் வந்தால் நீலப் பேனா. எதிர்ப்பக்கத்தில் மணி, படகு எண், இடம், மிச்ச டீசல். சொன்னதை அப்படியே திருப்பிப் படித்து, எதிர்முனையில் "சரி" என்று கேட்ட பிறகுதான் எழுதினாள்.

முதல் ராத்திரி "எட்டு ஐம்பத்தஞ்சு" என்று ஒரு தகவல் வந்தது. அவள் திருப்பிக் கேட்டாள்: "அண்ணே, புள்ளியா, மினிட்டா?"

கேட்காமல் விட்டிருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று ஜி.பி.எஸ். வைத்திருக்கிற ஒவ்வொருவரும் யோசிக்க வேண்டும். 8 டிகிரி 55 மினிட் வேறு, 8.55 டிகிரி வேறு. டிகிரிக்கு அறுபது மினிட் என்பதால் 8.55 என்பது 8 டிகிரி 33 மினிட். இரண்டுக்கும் நடுவே 22 கடல் மைல், நாற்பது கிலோமீட்டருக்கும் மேல். மினிட்டில் சொன்ன இடத்தை இரண்டு படகுகள் புள்ளியாகத் தட்டி, வேறு கடலுக்குக் கிளம்பியிருந்தன. அந்த ஒரு கேள்வியில்தான் திரும்பின. கருவியில் கோளாறு எதுவும் இல்லை, செட்டிங்தான் வேறு.

மகளே, எங்களில் பலருக்கு முப்பது வருஷக் கடல் பழக்கம் உண்டு. இந்தக் கேள்வி எங்கள் யாருக்கும் வரவில்லை.

அந்த நோட்டை நம்பியே கடைசிவரை முடிவெடுத்த, படகுகளுக்குச் சொந்தக்காரரான பெரிய சம்மாட்டிக்கு அடுத்த நன்றி. தங்கச்சி மகனே அந்தப் படகில் இருந்தும் அவர் கடலுக்குப் போகவில்லை. போனால் கரையில் சொல்ல ஆள் இருக்காது என்றார். இருந்த படகுகளில் பாதியைத்தான் ஒரு நேரத்துக்கு விட்டார், மறுபாதி ஆட்களைத் தூங்க வைத்தார். டீசலில் மூன்றில் ஒரு பங்கு திரும்பி வர என்பதில் யாருக்கும் விட்டுக்கொடுக்கவில்லை. கோபப்பட்ட இளவட்டங்களுக்கு இப்போது புரிந்திருக்கும். டீசல் தீர்ந்து நிற்கிற ஒவ்வொரு படகும் தேட வேண்டிய இன்னொரு படகு.

கையில் வைத்துப் பேசுகிற வி.எச்.எஃப். ரேடியோ படகுக்குப் படகு நான்கைந்து கடல் மைலுக்கு மேல் சரியாக எட்டாது. அதற்காக, மன்னார் வளைகுடாவில் இருக்கிற அப்பா தீவுக்குத் தெற்கே நங்கூரம் போட்டு, வலை போடாமல், தேடவும் போகாமல், தகவலை வாங்கிக் கரைக்குக் கடத்திக்கொண்டே கிடந்த படகுக்காரர்களை யாரும் தோளில் தூக்கவில்லை. அவர்கள் வேலை அப்படிப்பட்டது. வரிசை கட்டித் தேடிய படகுகள், காலையிலும் மாலையிலும் வெயில் கண்ணில் அடிக்காமல் இருக்க வடக்கு தெற்காகவே ஓடின. ராத்திரியில் அரை மணிக்கு ஒரு தரம் எஞ்சினை அமர்த்திக் காது கொடுத்தன. அந்த ஐந்து பேரின் சத்தம் கேட்டது அப்படி ஒரு நிறுத்தத்தில்தான்.

கடலோரக் காவல்படை, கடலோரப் பாதுகாப்புக் குழுமம், மீன்துறை, பள்ளிவாசலிலும் மாதா கோவிலிலும் மைக்கில் சொல்லிக்கொண்டே இருந்தவர்கள், ஐஸ் கம்பெனி லாரி, டீசல் கடன் கொடுத்தவர்கள், வாலிநோக்கத்திலிருந்தும் பெரியபட்டினத்திலிருந்தும் கேட்காமலே வந்த படகுகள், எல்லோருக்கும் நன்றி. கரையேறியவர்கள் குடத்தோடு தண்ணீர் கேட்டபோது கொடுக்காமல், உப்புப் போட்ட கஞ்சித் தண்ணியை வாய்வாயாகக் கொடுத்த, கடல்பாசி எடுக்கிற ஆச்சிக்குத் தனியாக.

அடுத்த மீன்பிடித் தடைக்காலம் ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை. அந்த 61 நாளுக்குள் நம் கரையின் ஒவ்வொரு ஜி.பி.எஸ்.ஸையும் டிகிரி, மினிட்டுக்கு மாற்றிப் பார்ப்பது என்று எல்லோரும் சேர்ந்து ஒப்புக்கொண்டிருக்கிறோம். நாட்டுப்படகுக்குத் தடை இல்லாவிட்டாலும் இது உண்டு. காவல்படையின் 1554, பாதுகாப்புக் குழுமத்தின் 1093 என்ற இரண்டு உதவி எண்ணும் படகு ஓட்டுகிற வீல்ஹவுஸ் அறையிலும், வீல்ஹவுஸ் இல்லாத வள்ளத்தில் முன்பக்க அணியத்திலும் பெயின்ட்டில் எழுதப்படும்.

மகளே, உன் நோட்டில் பதினோரு பக்கம் உப்புத் தண்ணியில் ஊறிப்போய்விட்டது. அது எங்களிடமே இருக்கட்டும். புது நோட்டு வாங்கி வைத்திருக்கிறோம். பழையதை எங்கே என்று டீச்சர் கேட்டால் நீ பதில் சொல்ல வேண்டாம், திங்கட்கிழமை காலையில் நாங்களே பள்ளிக்கூடத்துக்கு வருகிறோம்.